மானியமும் மண்டை வெல்லமும்

என் வாழ்நாளில் நான் எழுதியவற்றிலேயே மிகுந்த கவனத்தோடு படிக்கப்பட்டது ஒரு மானிய விண்ணப்பம்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் மூன்று கவிதைத் தொகுப்புகளையும் முழுசாகப் படித்தவர்களை ஒரே ஆட்டோவில் ஏற்றிவிடலாம். (டிரைவருக்குப் பக்கத்தில் இடம்கூட மிஞ்சும்.) ஆனால் அந்த விண்ணப்பத்தை ஓர் அம்மாள் பச்சை மையால் வரிக்கு வரி அடிக்கோடிட்டு, ஓரமெல்லாம் கேள்விக்குறி போட்டு, இரண்டு தடவை படித்திருந்தார். ஒரு கவிஞனுக்கு வேறென்ன வேண்டும்? கொஞ்சம் வெட்கம் வேண்டும். அது எனக்குப் பிறகுதான் வந்தது, கட்டி கட்டியாக.

அப்போது எனக்கு முப்பத்தோரு வயது. புனேயில், சாங்வியில், விஜி அக்கா வீட்டு ஹாலில் ஒரு திவானின் மேல் குடியிருந்தேன். பகலில் கூரியர் ஆபீசில் முகவரி பதியும் வேலை. மீதி நேரமெல்லாம் மழையைப் பற்றிய சிந்தனை. (புனேயில் மழைக்குக் குறைவில்லை, ஆகவே சிந்தனைக்கும்.) ஜன்னலில் நீர் வழியும்போது நானும் கூடவே வழிந்துகொண்டிருப்பேன். வழிந்தேனே தவிர வற்றவில்லை. எடை தொண்ணூறைத் தாண்டியிருந்தது. இந்தத் தகவலை ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அக்கா பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். அவள் விசில் ஊதினால் மூலா ஆற்றில் கொக்குகள்கூட வரிசையில் நிற்கும் என்பார் மாமா. (அவள் கணவர், தொழிற்சாலையில் ஃபிட்டர், எங்கள் வீட்டின் நிரந்தர எதிர்க்கட்சி.) சாங்வி அப்போது வேகமாக மாறிக்கொண்டிருந்தது. நேற்றுவரை கரும்பு நின்ற இடத்தில் இன்று ஏழு மாடி. ஒவ்வொரு மாடியிலும் பிள்ளைகள். பள்ளிக்கு வேன், டியூஷனுக்கு ஸ்கூட்டி, வீட்டுக்கு லிஃப்ட். இடையிடையே வடாபாவ். வீட்டுக்கு வந்தால் கம்ப்யூட்டரில் கார் ஓட்டுகிறார்கள்; கார் மட்டும் ஓடுகிறது. கீழே இறங்கிப் பந்து போட்டால் வாட்ச்மேன் விரட்டுகிறான். அக்கா வகுப்பில் மைதானத்தை ஒரு சுற்று ஓடச் சொன்னால், பாதிப் பேர் மரத்தைப் பிடித்துக்கொண்டு ரயில் எஞ்சின்போல இரைத்தார்கள்.

"டேய், பத்து வயசுல இப்படி மூச்சு வாங்குதுங்க. நாப்பதுல என்னடா பண்ணும்?" என்று கேட்டுவிட்டு, அவளே பதிலும் கண்டுபிடித்தாள். ஆற்றுப் பக்கம் சரிந்து இறங்கும் ஒரு காலி மைதானம். மேட்டில் ஒரு தகரக் கூரைப் பிள்ளையார் கோயில், தமிழர்கள் சேர்ந்து கட்டியது. கீழே புல். அங்கே தினமும் சாயங்காலம் இருபத்திரண்டு தமிழ் வீட்டுப் பிள்ளைகளுக்கு கோ-கோ, நொண்டி, கயிறு தாண்டுதல். அந்த ஏற்பாட்டுக்குத் 'துள்ளல்' என்று பெயர் வைத்தது நான். அதோடு நின்றிருக்கலாம்.

நிற்கவில்லை. "அக்கா, வேலையை விட்டுடு. இதை முழு நேரமா நடத்து. குழந்தைங்க உடல்பருமனைத் தடுக்கறதுக்குன்னே உலகம் பூரா நிதி வெச்சிருக்காங்க" என்றேன்.

மாமா பேப்பரை மடித்தார். "இன்னாடா சொல்ற? எவனோ ஒருத்தன் பணத்த மடியில வெச்சிக்கினு, சாங்வி பசங்க ஓடலியேன்னு அழுதுக்கினு இருக்கானா?"

"ஆமா மாமா. கேட்கத் தெரியணும், அவ்வளவுதான்."

"உனுக்குத் தெரியுமா?"

"நான் எழுத்தாளன் மாமா."

"அதான்டா பயமா இருக்குது."

அக்கா என்னை நம்பினாள். (உடன்பிறந்தவர்களிடம் இருக்கும் தீராத வியாதி.) பள்ளியில் ராஜினாமா கொடுத்தாள். பிரின்சிபால் கடிதத்தை வாங்கிக்கொண்டு, பள்ளிச் சொத்தான விசிலையும் திருப்பிக் கேட்டு வாங்கி, மேஜை இழுப்பறையில் போட்டு, "இது இங்கேயே இருக்கும் மேடம். ஜூன்ல ஸ்கூல் திறக்கும்போது நீங்களே வந்து கேட்பீங்க" என்று சிரித்தாராம். அந்தச் சிரிப்பை அக்கா வீடுவரை தூக்கிக்கொண்டு வந்தாள். ஜூனுக்குள் மானியம் வரவேண்டும். வராவிட்டால் அந்த இழுப்பறையின் முன்னால் போய் நிற்கவேண்டும். எங்கள் வீட்டில் அந்தக் கோடை முழுக்க இதுதான் பேச்சு.

அவுந்தில் ஒரு சைபர் கஃபேயின் மரத்தடுப்புக்குள் உட்கார்ந்து, மின்விசிறி காற்றில் காகிதம் பறக்கப் பறக்க, நான் தேட ஆரம்பித்தேன். முதலில் பதில் போட்ட நிறுவனம் ஒல்லிக் குழந்தைகளுக்கு மட்டும்தான் கொடுக்குமாம். "உங்கள் பிள்ளைகள் இளைத்த பிறகு தொடர்புகொள்ளவும்" என்ற தொனியில் இரண்டு வரி. அடுத்தது நோய்க்கு மட்டும் கொடுப்பது; பிள்ளைகளுக்கு இன்னும் நோயே வரவில்லை என்று வருத்தம் தெரிவித்தது. மூன்றாவதாக ஒரு பிஸ்கட் கம்பெனியின் சேவைப் பிரிவு. அவர்கள் மட்டும் உற்சாகமாகச் சம்மதித்தார்கள். ஒரே நிபந்தனை, ஓடி முடித்ததும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பாக்கெட் கிரீம் பிஸ்கட். அக்கா அந்தக் கடிதத்தை நாலாக, எட்டாக, பதினாறாகக் கிழித்தாள். (நல்ல உடற்பயிற்சி.)

வரும்முன் தடுக்கிற வேலைக்குப் பணம் கேட்பது எவ்வளவு விசித்திரம் என்று அப்போதுதான் புரிந்தது. கிணறு வெட்டினால் கிணற்றைக் காட்டலாம். கண் ஆபரேஷன் செய்தால் கண்ணாடியைக் காட்டலாம். நாங்கள் எதைக் காட்டுவது? முப்பது வருஷம் கழித்து, எங்கள் இருபத்திரண்டு பேரில் ஒருத்தியான தாரிணிக்கு வராமல் போகப்போகிற முட்டிவலியையா? வராத ஒன்றை போட்டோ எடுத்து இரண்டு பிரதி இணைக்கச் சொல்கிறது படிவம்.

படிவம் முழுக்கக் கட்டங்கள். நோக்கம் ஒரு கட்டம், குறிக்கோள் ஒரு கட்டம், இலக்கு ஒரு கட்டம். மூன்றும் ஒன்றுதானே என்று கேட்க ஆளில்லை. கடைசியில் 'நீடித்த தன்மை' என்று ஒரு கட்டம். எங்கள் பணம் தீர்ந்த பிறகு, பணமில்லாமல் எப்படி நடத்துவீர்கள்? அப்படி நடத்தத் தெரிந்தால் உன்னிடம் ஏனய்யா வருகிறேன் என்று எழுதத் துடித்த கையை அடக்கி, "நதி தன் நீரைத் தானே சுமந்து செல்வதுபோல" என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அதற்கும் மேலே ஒரு கட்டம்: உங்கள் திட்டம் உள்ளூர்ப் பண்பாட்டோடு எப்படிப் பொருந்துகிறது? அதில் என்ன எழுதுவதென்று தெரியாமல், "குழந்தைகளின் எடை, எங்கள் பண்பாட்டில் வேரூன்றிய முறையில், தாய்மார்களின் முழுப் பங்கேற்போடு கண்காணிக்கப்படுகிறது" என்று ஒரு போடு போட்டேன். உண்மையில் அதுவரை ஒரு பிள்ளையையும் நாங்கள் நிறுத்துப் பார்த்ததில்லை.

இந்த வாக்கியம்தான் ஒருத்தரின் மனசைத் தொட்டுவிட்டது. மகர்பட்டாவில் கண்ணாடி அலுவலகம் வைத்திருந்த ஒரு கம்பெனியின் அறக்கட்டளையிலிருந்து கடிதம் வந்தது. மதிப்பீட்டு அதிகாரி தேஷ்பாண்டே மேடம் அடுத்த சனிக்கிழமை காலை நேரில் வருகிறார். பிள்ளைகளின் ஆரம்ப எடைப் பதிவேட்டைப் பார்ப்பார். பண்பாட்டில் வேரூன்றிய எடை பார்க்கும் முறையையும் காண ஆவலாக இருக்கிறார்.

"அது இன்னா முறைடா?" என்றார் மாமா.

"யோசிக்கணும் மாமா."

யோசிக்க ஐந்து நாள் இருந்தது. முதலில் நேர்வழியிலேயே போனோம். ஒரு குளியலறை எடைமெஷினைக் கடன் வாங்கிக்கொண்டு நானும் அக்காவும் வீடு வீடாக ஏறினோம். தாரிணி வீட்டில் கதவைத் திறந்தவள் அவள் அம்மா ரேவதி, திருநெல்வேலிக்காரி. மெஷினைப் பார்த்ததும் மகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"எதுக்கு தம்பி இது? எம் புள்ளைய நிறுத்து ஊருக்கெல்லாம் சொல்லுதுக்கா? கண்ணு பட்டுராதா?"

"ஒரு நோட்டுல எழுதிக்கத்தான் ரேவதி" என்றாள் அக்கா.

"அதத்தான் டீச்சர் சொல்லுதேன். எழுதுனா நாலு பேர் படிப்பாவ. அவ ஒண்ணும் குண்டு இல்ல. பூசுன மாதிரி உடம்பு. போன மாசம் காய்ச்சல்ல கிடந்து பாதியாப் போயிட்டா."

பாதியான தாரிணி முந்தானைக்கு இரு புறமும் தெரிந்தாள். பதினோரு வயது. என்னைப் பார்த்து, "அங்கிள், பாதின்னா கித்னா, எவ்வளவு?" என்று நியாயமான சந்தேகம் கேட்டாள்.

எல்லா வீட்டிலும் இதே கதை. புனேக்கு வந்து இருபது வருஷம் ஆனாலும், மராத்தி சீரியல் பார்த்து அழுதாலும், பெற்ற பிள்ளையின் எடையை மெஷினில் பார்க்கிற துணிச்சல் எங்கள் பெண்களுக்கு வரவில்லை. இருபத்திரண்டு வீட்டில் இருபத்திரண்டு பேரும் 'இளைச்சுப்போச்சு'.

வியாழக்கிழமை சாயங்காலம், கோயில் மேட்டில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீர் தன்பாட்டுக்கு ஒளியை மடித்து மடித்து எடுத்துப் போய்க்கொண்டிருந்தது. திரும்பினால், மண்டபத்தில் துலாபாரத் தராசு. கோயில் தலைவர் பலராமன் அண்ணன் நிக்டியில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர், கோயமுத்தூர்க்காரர். அந்தத் தராசைத் தன் கையாலேயே செய்து, பித்தளை முலாம் பூசி, சங்கிலி போட்டு மாட்டியிருந்தார். மாட்டி ஒரு வருஷமாகியும் யாரும் உட்காரவில்லை. எனக்குள் மின்னல் வெட்டியது. தமிழ்த் தாய் தன் பிள்ளையின் எடையைப் பத்துப் பேர் முன்னால் பெருமையாகப் பார்க்கிற இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்! பண்பாடா? பண்பாடு. வேரூன்றியதா? சிமெண்ட் போட்டு ஊன்றியிருக்கிறது.

என் திட்டம் எளிமையானது. ஒரு தட்டில் பிள்ளை. மறு தட்டில் காய்கறிச் சந்தையில் இரவல் வாங்கிய இரும்புப் படிக்கற்கள். வீடு வீடாகப் போய், "சனிக்கிழமை காலைல கோயில் துலாபாரத்துல பிள்ளைங்கள உட்கார வைக்கிறோம்" என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். மறு தட்டில் என்ன இருக்கும் என்பதைச் சொல்லவில்லை. துலாபாரம் என்று கேட்ட எந்தத் தாயும் அதைக் கேட்கவுமில்லை. ரேவதியின் முகம் விளக்கேற்றின மாதிரி ஆயிற்று. "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா தம்பி" என்றாள். உலகிலேயே நான்தான் பெரிய ராஜதந்திரி என்று நினைத்துக்கொண்டு தூங்கினேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் படிக்கற்களைச் சாக்கில் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறியபோது, பலராமன் அண்ணன் வாசலிலேயே மறித்தார்.

"என்னங்க தம்பி அது?"

"எடைக்கல்லுங்கண்ணே."

"இரும்புங்களா?" அவர் ஒரு அடி பின்வாங்கினார். "ஏனுங்க, சாமி தராசு மேல இரும்பைத் தூக்கி வெக்கறதுங்களா? அதுவும் சனிக்கிழமையிலங்களா? நல்லா இருக்குதுங்க உங்க ரோசனை!"

"அப்ப எப்படிண்ணே நிறுக்கிறது?"

அவர் எனக்குப் பின்னால் கையைக் காட்டினார். திரும்பினேன்.

சரிவில் ஊர்வலம் ஏறி வந்துகொண்டிருந்தது. பட்டுப்புடவை, பூ, குளித்த பிள்ளைகள், ஒவ்வொரு கன்னத்திலும் திருஷ்டிப் பொட்டு. முன்னால் ரேவதி. அவளுக்குப் பின்னால் கைவண்டி நிறைய கோலாப்பூர் மண்டை வெல்லம், உருண்டை உருண்டையாக, காலை வெயிலில் பொன் பாறைகள் மாதிரி. அதற்குப் பின்னால் சர்க்கரை மூட்டை, வாழைத்தார், அரிசி, ஒரு டின் நெய். உடல்பருமன் தடுப்புத் திட்டத்தின் ஆரம்ப எடைப் பதிவு மங்கள வாத்தியம் ஒன்று நீங்கலாக எல்லா ஏற்பாட்டோடும் வந்து சேர்ந்தது.

அக்கா என்னைப் பார்த்தாள். விசில் இல்லாத வெறும் கழுத்தை மட்டும் தடவிக்கொண்டாள்.

நிறுத்த முடியவில்லை. தாரிணி ஏறி உட்கார்ந்தாள். ஒன்பது பெரிய உருண்டை, மூன்று சின்னது. தட்டு எழும்பியதும் கூட்டம் கைதட்டியது. "பாத்தியளா!" என்று ரேவதி ஊரைச் சுற்றிப் பார்த்தாள். வீட்டில் பாதியாயிருந்த பெண் இங்கே முழுசாகிவிட்டாள். அவ்வளவுதான், மற்ற தாய்மார்களுக்குள் போட்டி மூண்டது. கனமான பிள்ளைக்குக் கனமான புண்ணியம். ஒருத்தி தன் மகனுக்கு அவசரமாக இன்னும் இரண்டு இட்லி ஊட்டினாள். இன்னொருத்தி, நோஞ்சான் மகள் நாலு உருண்டைக்கே மேலே போய்விட்ட அவமானம் தாங்காமல், முதுகில் ஸ்கூல் பையை மாட்டி மறுபடியும் உட்காரவைத்தாள். (அந்தப் பை அவளைவிட கனம்.) நான் பதிவேட்டைத் திறந்து, கிலோ என்றிருந்த தலைப்பை அடித்து 'உருண்டை' என்று திருத்தினேன். நாலு பேருக்கு 'வாழைப்பழம், சீப்பில்'.

இறக்கிய வெல்லத்தை என்ன செய்வது? சாமிக்கு வைத்தது, வீட்டுக்குத் திரும்பிப் போகக்கூடாது. "வெச்சிருந்தா எறும்பு வருமுங்க" என்று சொல்லி, பலராமன் அண்ணன் பெரிய பித்தளை அண்டாவை அடுப்பில் ஏற்றச் சொன்னார். அரிசி இருந்தது, நெய் இருந்தது. ஒரு மணி நேரத்தில் சர்க்கரைப் பொங்கல் மணம் ஆற்றைத் தாண்டிப் போயிற்று. இருபத்திரண்டு பிள்ளைகளும் வரிசையாக உட்கார்ந்து, தொன்னையில் நெய் மினுங்க மினுங்க, தங்கள் எடைக்குச் சமமான வெல்லத்தைத் தாங்களே தின்னத் தொடங்கினார்கள்.

தேஷ்பாண்டே மேடம் வந்தது அந்த நேரத்தில்.

ஒல்லியான அம்மாள். பருத்திச் சேலைக்குக் கீழே ஓட்டப்பந்தய ஷூ, கையில் பெரிய விளையாட்டுக் கடிகாரம். வாசலில் நின்று, தராசைப் பார்த்தார், அண்டாவுக்குப் போக மிஞ்சிய வெல்லக் குவியலைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த என் விண்ணப்பத்தை எடுத்து, பச்சை அடிக்கோடிட்ட இடத்தை மெதுவாக வாசித்தார்: "பண்பாட்டில் வேரூன்றிய முறை."

"யெஸ் மேடம்" என்றேன்.

அவர் குனிந்து தாரிணியிடம் மராத்தியில் கேட்டார், தினமும் இங்கே என்ன செய்வீர்கள் என்று. தாரிணி வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு உண்மையைச் சொன்னாள். "ரோஜ் பள்தோ. ஆஜ் ஃபக்த காதோ." தினமும் ஓடுவோம், இன்றைக்குத் தின்ன மட்டும்தான் செய்கிறோம்.

"எதுக்கு இவ்வளவு தூரம் வரீங்க? பில்டிங்கிலேயே விளையாடலாமே?"

"அங்க வாட்ச்மேன் விடமாட்டான். டீச்சர் விடுவாங்க."

மேடம் அதை எழுதிக்கொண்டார். என் பதினேழு பக்க விண்ணப்பத்தில் இல்லாத ஒரே உண்மை அது என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு அவள் வாயை மூடமாட்டாளா என்றுதான் தோன்றியது.

பிறகு மேடம் தராசைக் காட்டி, இது சரியாக எடை காட்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். மொழிபெயர்க்காமல் இருந்திருக்கலாம். பலராமன் அண்ணனின் காது மடல் சிவந்தது.

"என்ன கேட்டாங்க? நான் பண்ணுன தராசு சரியில்லீங்களா? தம்பி, நீங்க ஏறுங்க. உங்க எடை உங்களுக்குத் தெரியுமில்லீங்களா? இப்ப பாத்துரலாமுங்க."

மறுத்தேன். கூட்டம் விடவில்லை. உடல்பருமன் தடுப்புத் திட்டத்தின் எழுத்தாளன், செருப்பைக் கழற்றிவிட்டு, ஐந்து வயதுக் குழந்தைக்கென்று செய்த தட்டில், முழங்காலை மோவாய்க்குக் கொண்டுவந்து உட்கார்ந்தேன். சங்கிலிகள் என் இரு பக்கமும் பதிந்தன. மறு தட்டில் உருண்டைகள் ஏறத் தொடங்கின. பிள்ளைகள் மராத்தியில் கோரஸாக எண்ணினார்கள். பத்து. பன்னிரண்டு. நான் தரையிலேயே இருந்தேன். பதினைந்தில் பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு. பதினேழில் மாமா கூட்டத்திலிருந்து, "கோலாப்பூருக்கு போன் போடுங்கப்பா!" என்றார். பதினெட்டுப் பெரிய உருண்டையும் நாலு சின்னதும் ஆனபோது, நான் அசைந்தேன். எழும்பினேன். தரை விலகியது. மேகம்போல மெல்ல ஆடிக்கொண்டு அந்தரத்தில் நின்றேன். கைதட்டல். நிஜமாகச் சொல்கிறேன், அந்த ஒரு நொடியில் எனக்கு ஒரு கவிதை வந்தது.

அப்போது தேஷ்பாண்டே மேடம் பதிவேட்டைக் கேட்டு என்னை நோக்கி வந்தார்.

வயதில் மூத்த பெண்மணி ஒருவர் எதிரே வந்து நிற்கும்போது உட்கார்ந்தபடியே பதில் சொல்வது எங்கள் வீட்டில் இல்லாத வழக்கம். அம்மா தொடையில் கிள்ளிக் கிள்ளிச் சொல்லிக்கொடுத்தது. நான் மரியாதையாக எழுந்து, தட்டிலிருந்து இறங்கி நின்றேன்.

தராசுக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது. என் தட்டு விண்ணுக்குப் போயிற்று. வெல்லத் தட்டு இடிபோலத் தரையில் இறங்கியது. இருபத்திரண்டு உருண்டைகளும் துள்ளி எழுந்து, மண்டபத்தைத் தாண்டி, மேடத்தின் ஷூவைச் சுற்றிக்கொண்டு, மைதானச் சரிவில் ஆற்றை நோக்கி உருண்டன. ('துள்ளல்' என்ற பெயருக்கு முதல் முறையாக அர்த்தம் கிடைத்தது.)

"ஐயோ, சாமி வெல்லமுங்க!" என்று பலராமன் அண்ணன் அலறினார்.

அக்கா இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு சீழ்க்கை அடித்தாள். பிரின்சிபாலின் இழுப்பறைவரை கேட்டிருக்கும். வயிறு நிறையப் பொங்கலோடு சுருண்டு கிடந்த பிள்ளைகள் அடுத்த கணம் சரிவில் பறந்தார்கள். தாரிணி முன்னால். தொப்பை குலுங்க, பட்டுப்பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, உருண்டைக்கு முன்னால் ஓடி, மறித்து, கட்டிப்பிடித்து, நெஞ்சில் அணைத்துக்கொண்டு மூச்சு வாங்க மேட்டில் ஏறி வந்தாள். வைத்துவிட்டு மறுபடி இறங்கினாள். மரத்தைப் பிடித்துக்கொண்டு ஒருத்தர்கூட நிற்கவில்லை. மேடம் தன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்ததும், "பதினோரு நிமிஷம்" என்று மட்டும் சொன்னார். இதற்கிடையில் வாங்கிப் பார்த்திருந்த பதிவேட்டை என் கையில் திருப்பிக் கொடுத்தார். அதில் கடைசி வரியில் என் பெயருக்கு எதிரே, 'பதினெட்டு பெரிது, நாலு சிறிது' என்று யாரோ ஏற்கெனவே எழுதியிருந்தார்கள். மாமாவின் கையெழுத்து.

பலராமன் அண்ணன் எண்ணிப் பார்த்தார். இருபத்தொன்று. சின்ன உருண்டை ஒன்றைக் காணவில்லை. ஆற்றோரம்வரை தேடியும் கிடைக்கவில்லை.

பத்து நாளில் கடிதம் வந்தது. பிள்ளைகள் ஆர்வத்தோடும் வேகத்தோடும் ஓடியதை எங்கள் பிரதிநிதி நேரில் கண்டார்; ஆனால் ஓடியதற்குக் காரணம் வெல்லம் என்பதால் நிதி அளிக்க விதிகளில் இடமில்லை. அக்கா அதைக் கிழிக்கவில்லை. மடித்து டி.வி. மேல் வைத்தாள். "திங்கக்கிழமை போய் அந்த விசிலை வாங்கிட்டு வந்துடறேன்டா" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் திவானில் சுவரைப் பார்த்துப் படுத்தேன். மழை வந்தது. அதைப் பற்றி ஒரு வரிகூட யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரேவதி வந்தாள், தாரிணியின் கையைப் பிடித்துக்கொண்டு, படபடப்பாக.

"டீச்சர், கோயில்ல போர்டு வச்சிருக்காவ, பாத்தியளா? துலாபாரம் மூணு வருசம் தொடர்ந்து வச்சாத்தான் பலனாம். வருசா வருசம் உக்கார வைக்கணுமாம்!"

(பொங்கலுக்கு வந்த கூட்டத்தைப் பார்த்து பலராமன் அண்ணனுக்கு வந்த ஞானோதயம் அது. எந்தச் சாஸ்திரத்திலும் கிடையாது.)

"வைங்களேன், அதுக்கென்ன?" என்றாள் அக்கா.

"அதுக்கென்னவா? இவ இப்பமே ஒம்போது உருண்டை. இதே வேகத்துல போனா அடுத்த வருசம் பதிமூணு ஆவும். வெல்லம் விக்கிற வெலைக்கு அவ அப்பா என்னைய வீட்ட விட்டு வெரட்டிருவாரு. நேர்ந்தத விடவும் கூடாது. நீங்க இவள நல்லா ஓட வைங்க டீச்சர். மாசாமாசம் உங்களுக்கு உண்டானத நான் தாறேன். வெல்லத்துக்குக் குடுக்கத டீச்சருக்குக் குடுத்துட்டுப் போறேன்."

"நான் போன வருஷமே சொன்னேனே ரேவதி, ஓட விடுங்கன்னு."

"அப்பம் வெல்லம் இல்லலா?"

அன்று சாயங்காலத்துக்குள் பதினாறு அம்மாக்கள் வந்துவிட்டார்கள். எல்லார் வாயிலும் அடுத்த வருஷத்து வெல்லம். முட்டிவலி, இதயம், எதிர்காலம் என்று நான் பதினேழு பக்கம் எழுதி ஒருத்தரையும் அசைக்க முடியவில்லை. ஒரு தகர போர்டு அசைத்துவிட்டது. திங்கட்கிழமை அக்கா பள்ளிக்குப் போகவில்லை. லக்ஷ்மி ரோட்டுக்குப் போய்ச் சொந்தமாக ஒரு விசில் வாங்கி வந்தாள். வீட்டுக்குள்ளேயே ஒரு தடவை ஊதிப் பார்த்தாள். மாமா பேப்பரோடு எழுந்து வரிசையில் நின்றார்.

துள்ளல் பதினாலு வருஷம் நடந்தது, யாருடைய மானியமும் இல்லாமல். 'நீடித்த தன்மை' என்ற கட்டத்துக்கு இப்போது பதில் தெரியும் என்று அந்த அறக்கட்டளைக்கு ஒரு கடிதம் போட்டேன். அவர்கள் பதில் போடவில்லை.

தாரிணி இப்போது மகர்பட்டாவில் வேலை செய்கிறாள். வழியில் பார்த்தால், நாலு பேர் நடுவில், "பதினெட்டு உருண்டை அங்கிள்!" என்று கூப்பிடுகிறாள். எங்கள் குடும்பத்தில் எடைக்குக் கிலோ என்ற அளவே ஒழிந்துபோயிற்று. கல்யாண வீடுகளில் என்னைப் பார்க்கிறவர்கள், சௌக்கியமா என்று கேட்பதற்கு முன்னால், "இப்ப எத்தனை உருண்டை?" என்றுதான் கேட்கிறார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட யாரோ சொல்லிவிட்டார்கள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்ட பெண்தான் என் மனைவி.

போன மாதம் தலைசுற்றல் என்று ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சர்க்கரை நோய் என்றார். வீட்டில் எல்லாரும் கவலையோடு உட்கார்ந்திருந்தார்கள். அக்கா தலையில் கைவைத்துக்கொண்டாள். மாமாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, அந்தக் காகிதத்தை மேலிருந்து கீழாக ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு போனை எடுத்து நம்பரை அழுத்தினார்.

"யாருக்குங்க?" என்றாள் அக்கா.

"பலராமனுக்குத்தான். காணாமப்போன அந்த உருண்டை கெடச்சிடுச்சின்னு சொல்லிடறேன். பாவம், வயசான மனுசன், இன்னும் ஆத்தோரமா தேடிக்கினு இருக்கப்போறாரு."